பத்தாம் வகுப்பு மணி

மயிலாப்பூரில் தோழியின் புதுக் குடியிருப்புக்குள் நுழைந்ததும் பித்தளை பாலிஷ் வாடை அடித்தது. வாட்ச்மேன் ஒரு பெரிய மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விளிம்பிலிருந்த நசுங்கலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இதே மனையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் மணி.

பத்தாவது முடிக்கும் பெண்கள் கடைசி நாளில் கயிற்றை இழுத்து ஆளுக்கு ஒருமுறை மணியடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். திரும்பினால் பரீட்சையில் கோட்டைவிடுவோம் என்று நம்பினோம். வேப்பம்பூ உதிரும் அந்த வெயிலில், மடித்துக் கட்டிய பின்னல்களுக்கும் விம்மல்களுக்கும் மேலாக, ஓசை மாதா கோயில்வரை மிதந்து போகும். வெளியே மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் செல்வியக்கா ஒவ்வொருத்திக்கும், "போய்க்கினே இரு கண்ணு, திரும்பாத!" என்று குரல் கொடுப்பாள்.

நாங்கள் ஒன்பதாவது முடித்ததோடு பள்ளியை மூடிவிட்டார்கள். கயிறு எங்கள் கைக்கு வரவே இல்லை.

இப்போது மணிக்கு நாக்கும் இல்லை. "சவுண்டு வந்தா மேல கீறவங்க திட்றாங்க மேடம்" என்றார் வாட்ச்மேன். அவர் துணியை நனைக்கக் குனிந்தபோது விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினேன். மெல்லிய ஓசைதான். அப்படியே கேட்டை நோக்கி நடந்தேன்.

"இன்னா மேடம், யார் வீட்டுக்கு வந்தீங்க? மேடம்!"

நான் திரும்பவில்லை.