பத்மாக்கா வண்டியை நிறுத்திய இடங்கள்

வல்லத்துக்குப் போக செஞ்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோதுதான் எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர் போனில் கூப்பிட்டார். "பத்மா மேடம் தவறிட்டாங்களாம் மேடம். காலையில காப்பி போட்டுக்கினு இருந்தவங்க அப்டியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம். யார் சொன்னது, ஒழுங்காக விசாரித்தீர்களா என்று அந்த மனிதரிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், மூக்கை உறிஞ்சினார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வல்லம் பேருந்தை விட்டுவிட்டு, அவர் வீடு இருக்கும் மேல்சித்தாமூருக்குப் போகும் பேருந்தில் ஏறினேன்.

வல்லம் வேளாண்மை அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்மாவதி கள அலுவலர். வயல் வயலாகப் போய் நிலக்கடலைக்கு நோய் பார்ப்பவர். நான் நாற்காலியைத் தேய்க்கும் எழுத்தர். அவர் மேல்சித்தாமூர் சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்ந்தால் சோறு தண்ணீர் எதுவும் தொட மாட்டார். வெங்காயம், கிழங்கு கிடையாது. பொய் கிடையவே கிடையாது. விடுப்பு எடுக்க நாங்கள் எல்லாம் காய்ச்சல், வயிற்றுவலி என்று எழுதும்போது, "தூக்கம் வருகிறது" என்று எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அலுவலகச் சுற்றுலா என்றால் வழி போடுவது அவர்தான். கோடியக்கரைக்கு ஒருமுறை போனோம். "பத்மா மேடம் வண்டியா? பொங்கலுக்குள்ள கடலப் பாத்துடலாம்" என்று கேலி செய்தார்கள். அத்தனை இடத்தில் நிறுத்துவார். ஆனால் சும்மா நிறுத்த மாட்டார். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், வெயில் நேரத்தில் நிழல், ஓட்டுநர் கண் சொக்கும் நேரத்தில் தேநீர் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருக்கும். "வண்டி போய்ச் சேந்தா போதுமா? நீயும் போய்ச் சேர வாணாமா?" என்பார். நான் அவசரக்காரி. அவரோடு போன பயணம் ஒவ்வொன்றிலும் முணுமுணுத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிருத்திகையன்று அலுவலகத்தில் இருக்கும்போது நாகப்பட்டினத்திலிருந்து என் மகன் பேசினான். அவனுக்கு அங்கே வேலை. மருமகள் ரேவதி நிறைமாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்ததால் பயணமே கூடாது என்று சொல்லி, தாய் வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே படுக்க வைத்திருந்தார்கள். அன்று காலை உதிரம் பட்டுவிட்டதாம். மறுநாள் விடிந்ததும் ஆபரேஷன். பி நெகட்டிவ் ரத்தம் இரண்டு பை தயாராக இருக்க வேண்டும். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்றுக்கு ஊர் முழுக்க அலைந்தும் ஆளில்லை. "உனக்கும் அதே குரூப்தானம்மா. சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வந்தாதான் எடுத்து டெஸ்ட் பண்ணி வைக்க முடியுமாம்" என்றான்.

நான் கைப்பையைத் தேடுவதற்குள் பத்மாக்கா கார் சாவியோடு வாசலில் நின்றார். அவருடைய வீட்டுக்காரர் சாந்திராஜ் சாருக்கு ஒரு போன், அவ்வளவுதான். நண்பகலுக்குள் செஞ்சியைத் தாண்டிவிட்டோம்.

விழுப்புரம் தாண்டியதும் அவர் வழியைச் சொன்னார். பண்ருட்டியில் சாப்பாடு, சிதம்பரத்துக்கு அப்பால் கொஞ்சம் நடை, சீர்காழி தாண்டி ஓய்வு. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு உயிர் அங்கே ஊசலாடுகிறது, இவர் சுற்றுலாவுக்கு வழி போடுகிறாரே என்று கத்தினேன். எங்கும் நிறுத்தக் கூடாது என்றேன். அவர் பண்ருட்டியில் ஓர் உணவகத்தின் முன் நிறுத்தினார்.

நான் இறங்கவில்லை. அன்று எனக்கு விரதம். ரேவதிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டு, மாதா மாதம் கிருத்திகைக்குப் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்து வந்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அதை முறிப்பதா? ஏதாவது ஆகிவிட்டால் காலமெல்லாம் என் மனசே என்னைக் கொன்றுவிடும் என்றேன்.

பத்மாக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விரதத்தப் பத்தி எனக்கே சொல்றியா? வெறும் வயித்தோட போனா ரத்தம் எடுக்க மாட்டாங்க. மயங்கி உழுந்தா உன்ன படுக்க வச்சிட்டு வேற ஆளத் தேடுவாங்க. எங்க கெடைக்கும்? இன்னாடி நெனச்சிக்கினு இருக்கற? இன்னிக்கி நீ சாப்புடறதுதான் விரதம்."

வருடா வருடம் ரத்தம் கொடுத்துப் பழகியவர் அவர். அவருக்குத் தெரியும். முருகா, நீயே பார்த்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

அந்தச் சோறு தங்கவில்லை. சிதம்பரம் தாண்டி கொள்ளிடம் பாலத்தை நெருங்கும்போது மகன் மறுபடி கூப்பிட்டான். ரேவதிக்கு இன்னொரு முறை உதிரம் பட்டதாம். டாக்டர் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறாராம். போனை வைத்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சாலையோரத்தில் சாப்பிட்டது அத்தனையும் வாந்தி எடுத்தேன். கை கால் சில்லிட்டுப் போயிற்று. இனி நேராகப் போய்விடலாம் அக்கா என்று கெஞ்சினேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே வானத்தைப் பார்த்தார். மணி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

சீர்காழியில் சாலைப் பணி. வண்டிகள் நகரவே இல்லை. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் நின்ற லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒருவழியாக ஊரைத் தாண்டியதும் நான்கு கால் பாய்ச்சலில் போவார் என்று பார்த்தால், ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின் சீட்டிலிருந்து தன் டப்பாவை எடுத்தார். இட்லியும் மிளகுப் பொடியும். பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட வேண்டிய சாப்பாடு. ஓட்டல் சாப்பாடு தொட மாட்டார் என்பதால் வேலைக்கு வரும்போது வீட்டிலிருந்தே கட்டி வருவார். என்னை மரத்தடியில் உட்கார வைத்து இட்லியைப் பிட்டு வாயருகே நீட்டினார்.

"உங்களுக்கு?" என்றேன்.

"எனக்கு இன்னொரு டப்பா இருக்குது. வாயத் தொற."

"வேணாங்க்கா, திரும்பவும் வந்துடும்."

"வந்தா வரட்டும். வாயத் தொற சொன்னேன்ல."

அப்படி ஒரு அதட்டல். குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் தண்ணீர் கொடுத்து, அவசரமே இல்லாமல் ஊட்டினார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி நடக்க வைத்தார். வயிறு அடங்கியது. கையில் சூடு வந்தது. அதற்குப் பிறகு நாகை வரை அவர் எங்கும் நிறுத்தவில்லை. காரைக்கால் வந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். ரத்தம் எடுக்கும் இடத்தில் ஓர் இளைஞர் முதலில் கேட்டதே கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றுதான். பிறகு பிரஷர் பார்த்தார். ஏறியிருந்தது. கொஞ்சம் உட்காருங்கள், இறங்காவிட்டால் எடுக்க முடியாது என்றார். என் மகன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிக்காதே என்றால் அது கேட்குமா?

பத்மாக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அலுவலக அலமாரிச் சாவியை எங்கே வைத்துவிட்டு வந்தாய் என்று கேட்டார். மேசையில்தான் என்றேன். இல்லையே, போன மாதமும் தொலைத்தாயே என்றார். தொலைத்தது நானா நீங்களா என்று எனக்குச் சுருக்கென்றது. நீதான் என்றார். சாவியைக் கடைசியாக யார் வாங்கினார்கள் என்று நான் வரிசையாக யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த இளைஞர் மறுபடி பட்டையைச் சுற்றினார். "எறங்கிடுச்சிம்மா, வாங்க" என்றார். என் மகன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான்.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பத்மாக்கா காரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்து கிடந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே பின் சீட்டைப் பார்த்தேன். நான் காலி செய்த டப்பா மட்டும்தான் இருந்தது. தண்ணீராவது குடியுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். "பொழுது போய்டிச்சி, வுடு. ஒரு ராத்திரிதான" என்றார். காலையில் வீட்டில் சாப்பிட்டதோடு அந்த வண்டியை அத்தனை தூரம் ஓட்டி வந்திருக்கிறார். என்னிடம் அவர் சொன்ன ஒரே பொய் அந்த இன்னொரு டப்பாதான்.

மறுநாள் பொழுது ஏறியபின் தண்ணீர் குடித்தார். அதற்குள் பேரன் பிறந்துவிட்டான். நான் கொடுத்த பை ரேவதிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது பை இல்லாமல் முடிந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். பத்மாக்கா பிள்ளையைப் பார்த்துவிட்டு, "மூக்கு உன்னுது இல்ல, நல்ல வேள" என்றார்.

அவர் இறந்த அன்று மதியத்துக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மயானத்துக்குப் போனவர்கள் குளித்துத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. சாந்திராஜ் சார் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தயிர்சாதம் வந்திருந்தது. மகள் கெஞ்சினாள், தம்பி கெஞ்சினார். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பொழுது போய்விடும். போனால் விடியும்வரை அந்த மனிதர் தண்ணீர்கூடத் தொட மாட்டார். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அதட்டத் துணிவில்லை.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"வாயத் தொறங்க சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"தொறங்க சொன்னேன்ல."

ஒரு வேற்று வீட்டுப் பெண் துக்க வீட்டில் இப்படிப் பேசலாமா என்று எவராவது நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். பத்மாக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய விரதமும் இல்லை, பொறுமையும் இல்லை. இந்த அதட்டல் ஒன்றுதான்.

சாந்திராஜ் சார் என்னையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.