இன்னொரு தடவை ஓடச் சொன்னேன்

வடக்குப்பட்டிலிருந்து ஒரகடம் கூட்டுச்சாலைக்கு நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தோளில் ஒரே ஒரு பை. கன்டெய்னர் லாரிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும்போது புழுதி எழும்பிச் சட்டைக்குள் இறங்கியது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "ஒரகடமா தலைவரே? குந்து" என்றார். வேண்டாம் என்று கையசைத்தேன். நடந்தால் கொஞ்சம் நேரம் கழியும். இன்ன இடத்துக்குப் போக வேண்டும் என்று எதுவும் இல்லை.

அரை மணி முன்புதான் அறைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தேன். நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போனபின், மீதியில் எட்டு அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னாப்பா, திடீர்னு காலி பண்ற? யார்னா எதுனா சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் இன்னாத்துக்கு கெளம்புற?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மைதான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கல்யாண வீடுகளில் விளக்கு பிடிக்கப் போய், பிறகு கேமராவைப் பிடித்தேன். வேலூர், ஓசூர், திருப்பூர் என்று பத்துப் பதினைந்து வருஷம் அதுதான் சோறு போட்டது. பின்னால் கல்யாண வேலையெல்லாம் நாலு பேர், ஆறு பேர் என்று கூட்டமாக வருகிறவர்களிடம் போய்விட்டது. தனி ஆளை யாரும் கூப்பிடவில்லை. போன வருஷம் சென்னையில் பழைய கேமரா வாங்கும் கடை ஒன்றில் என்னுடையதை விற்றேன், நீள லென்ஸையும் சேர்த்து. ஊர் ஊராகப் போகிறவனுக்கு அந்தக் கனம் எதற்கு, போனில்தான் எல்லாம் எடுக்க முடிகிறதே என்று நினைத்தேன். கடைக்காரர், "சார்ஜர் இருக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அன்று எனக்கு வருத்தம் இருந்ததாக நினைவில்லை. தோள் லேசாக இருந்தது நினைவிருக்கிறது.

கேமராவின் பை மட்டும் மிஞ்சியது. அதில் துணிமணி வைத்துக்கொண்டேன்.

வடக்குப்பட்டில் ஏழு மாதம் இருந்தேன். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. பையைப் பார்த்தவர்கள், யாருக்காவது பாஸ்போர்ட் சைஸ் வேண்டும் என்றால் என்னிடம் வந்தார்கள். வெள்ளைச் சுவரில் நிற்க வைத்துப் போனிலேயே எடுத்துக் கொடுப்பேன். அசையாமல் நிற்கிற மனுஷனுக்குப் போன் போதும். கேமராக்காரர் என்ற பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நானும் மறுக்கவில்லை. தனியாக இருக்கிறவனை ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருப்பது நல்லதாகத்தான் இருந்தது.

பக்கத்து அறையில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அந்த அம்மா ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்பவர். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் முக்கால்வாசி வடக்கே இருப்பார். ஒரே பெண், நாலாம் வகுப்பு. அந்தப் பிள்ளை நடந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போனாலும் ஓட்டம், கடைக்குப் போனாலும் ஓட்டம்.

பள்ளி விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மா வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, சனிக்கிழம பிள்ளைக்கு ஓட்டப்பந்தயம். எனக்கு ஷிப்டு. அவ ஓடுதத நான் ஒருநாளும் பாத்ததில்ல. நீங்க கேமராக்காரருல்லா, ஓடும்போது ஒரு போட்டோ எடுத்துத் தருவீயளா?"

அப்போது சொல்லியிருக்கலாம். "பாத்துக்கலாம்மா" என்றேன்.

சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டின் ஓரம் போய் நின்றேன். பெற்றோர் அதிகம் வரவில்லை. வந்தவர்களும் ஷிப்டு முடித்துத் தூக்கம் கெட்ட கண்ணோடு இருந்தார்கள். விசில் ஊதியதும் ஐந்து பிள்ளைகள் கிளம்பினார்கள். அவள் வெறுங்காலோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, நடுவில் வந்தாள்.

என் பழைய கேமராவில் பட்டனைப் பாதி அழுத்தினால் ஓடுகிறவரைப் பிடித்துக்கொள்ளும். முழுதாக அழுத்தினால் தையல் மிஷின் மாதிரி எடுத்துக்கொண்டே போகும். பத்தில் இரண்டு படம் உருப்படியாக விழும், அது போதும். அன்று என் ஆள்காட்டி விரல் அந்தப் பட்டனைத்தான் தேடியது. போனின் கண்ணாடியில் தட்டினேன். நான் தட்டிய பிறகு அது யோசித்து எடுத்தது. அதற்குள் அவள் முடிவுக் கயிற்றைத் தாண்டியிருந்தாள். முதலாவதாக வந்தாள். கைகளை விரித்துக்கொண்டு இன்னும் பத்தடி ஓடினாள்.

படங்களைப் பார்த்தேன். ஒன்றில் புழுதியும் ஒரு டீச்சரின் புடவையும். ஒன்றில் அவளுடைய பின்னல் மட்டும், படத்தை விட்டு வெளியேறிக்கொண்டு. ஒன்றில் ஐந்து பேரும் இருந்தார்கள். ஆனால் ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி, யாருக்கும் முகம் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் பள்ளிக்காக வந்த போட்டோக்காரர் ஒருவர் நின்றிருந்தார். கையில் என்னுடையதைப் போலவே நீள லென்ஸ். போய்க் கேட்டிருந்தால் ஒரு படம் கொடுத்திருப்பார். தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் போய், என் கையில் போன்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? போகவில்லை.

கல்யாண வீட்டில் தவறிய படத்துக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. "மாலைய இன்னொரு தடவை போடுங்க, இங்க பாருங்க" என்போம். அவர்களும் போடுவார்கள். ஆல்பத்தில் இருப்பது பாதிக்கு மேல் இரண்டாவது தடவைதான். போட்டிகள் முடிந்து, கயிற்றைச் சுருட்டி எடுத்துப் போனபின், அவளைக் கூப்பிட்டேன்.

"இன்னொரு தடவை ஓடு பாப்பா. மெதுவா. என்னைப் பார்த்து சிரிச்சிக்கிட்டே."

"எதுக்கு மாமா? நான்தான் ஜெயிச்சிட்டேனே."

"அம்மாவுக்கு."

ஓடினாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. படம் தெளிவாக விழுந்தது. மற்றவற்றை அங்கேயே அழித்தேன். கெட்டுப்போன படத்தை வாடிக்கையாளர் கண்ணில் காட்டக் கூடாது என்று விளக்கு பிடித்த காலத்திலேயே பழகிய பழக்கம்.

மாலை நாலு மணிக்கு அந்த அம்மா வந்ததும் அனுப்பினேன். "ஜம்முனு இருக்குண்ணே" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கணவருக்கும் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் குழாயடியில் இருந்தபோது பதில் வந்தது. குரல் பதிவு. அந்த அம்மாவின் கை ஈரமாக இருந்ததால் சத்தமாகவே ஓடவிட்டார். லாரி இரைச்சலுக்கு நடுவே அந்த மனுஷனின் குரல்: "ஏளா, தனியா ஓடுனா நானுந்தான் பர்ஸ்ட்டு! கூட ஓடுன பிள்ளையள எல்லாம் கட்டிப் போட்டுட்டாளா உம் மவ?"

சிரிப்பு கிளம்பியது. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கடைசி அறையில் இருக்கும் அம்மா போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம்டி, ஒரு ஈ காக்கா காணோம். ஆளே இல்லாத ரேஸ்ல ஜெயிச்சிகீற போல" என்றார்.

"நெசமாத்தான் ஜெயிச்சேன்! மாமாகிட்ட கேளுங்க!"

"நான் பாத்தேன்," என்றேன். "அஞ்சு பேர் ஓடுனாங்க. இவதான் முதல்ல வந்தா."

"நீ பாத்துகீற, சரி. எங்களுக்குக் காட்டு. கேமராக்காரர்தானே நீ?"

காட்ட ஒன்றும் இல்லை. பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசு ஆண்டு விழாவில்தான் தருவார்களாம், அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். முதல்முறையாக நடந்து போனாள்.

கூட்டம் கலைந்தபின் அந்த அம்மா கேட்டார்.

"அண்ணே, உங்க கேமரா எங்க?"

"வித்துட்டேன்மா. போன வருஷமே."

போனில் எடுத்ததையும், சரியாக விழாததையும், திரும்ப ஓடச் சொன்னதையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. துணி அலசிக்கொண்டிருந்த கையை மட்டும் நிறுத்தினார்.

"முன்னயே சொல்லிருக்கலாம்லாண்ணே. நான் லீவு போட்டிருப்பேன்."

பிறகு யூனிபாரத்தைப் பிழிந்து கொடியில் போடப் போய்விட்டார்.

கேமராவை விற்றதற்கு அந்த ஒரு வருஷத்தில் நான் வருந்தியதே இல்லை. அந்த இடத்தில் வருந்தினேன். அது என்னிடம் இருந்திருந்தால் படம் கிடைத்திருக்கும். இல்லை என்று சொல்லியிருந்தால் தாயே வந்து பார்த்திருப்பார். இரண்டும் இல்லாமல் செய்தவன் நான். அந்தப் பிள்ளை இனி எத்தனையோ முறை ஓடலாம், ஜெயிக்கலாம். அந்தச் சனிக்கிழமையை யார் திரும்ப ஓடுவது?

மத்தியானச் சோறு சாப்பிட்டேன். துணியை மடித்தேன். சாவியைக் கொடுத்தேன்.

ஒரகடத்தில் பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூரில் மாறி, பொழுது சாய்வதற்குள் சுங்குவார்சத்திரம் வந்தேன். லாட்ஜில் மூன்று பேர் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. மற்ற இருவரும் ஒடிசாக்காரர்கள். நான் வந்ததைக் கண்டு தலையை ஆட்டிவிட்டு, ஊருக்கு வீடியோ காலில் பேசப் போனார்கள். அவர்கள் போனில் குழந்தைகளின் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் டீக்கடை முன்னால் ஆள் எடுக்கும் ஏஜென்ட் ஒருவர் நின்றிருந்தார். ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, "இன்னா வேலை தெரியும்?" என்றார்.

"பெட்டி அடுக்குவேன்" என்றேன். வேறு எதையும் சொல்லவில்லை.

"அதுக்கு ஆள் எடுத்தாச்சு. கேட்ல நிக்கிறியா? எட்டு மணி நேரம் நிக்கணும், உக்கார முடியாது."

சரி என்றேன். அந்த அம்மா வேலை செய்யும் கம்பெனி இல்லை, வேறு ஒன்று. உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது என்பதால், வாசலில் ஒவ்வொருவர் போனையும் வாங்கி, பின்பக்கத்துக் கேமராவின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். அதுதான் வேலை. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. பெண்கள் இறங்கி, போனை நீட்டிக்கொண்டு வந்தார்கள். கை பட்டதும் திரைகள் ஒளிர்ந்தன. முக்கால்வாசியில் குழந்தைகள்: ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார்ந்தவை, வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றவை. எல்லாமே அசையாமல் இருந்த குழந்தைகள். நான் போனைத் திருப்பினேன், ஒட்டினேன், கொடுத்தேன்.

"சீக்கிரம்ண்ணா, பஞ்ச் அடிக்கணும்" என்றாள் ஒருத்தி.

அடுத்த போனை வாங்கினேன்.