பொத்தான் வைத்த டீவி

அந்த ஸ்டூடியோவின் படியேறும்போதே பவுடர் வாசனையும், சூடான விளக்கில் தூசி கருகும் வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்காவது பழைய பல்பு ஒன்று சூடேறினால் எனக்குப் பதுளை பஜாரும், புதுச்சேலை உடுத்தி நின்ற பாக்கியம் அக்காவின் மிரண்ட முகமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். ஹாலிஎலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா, அம்மா, அக்கா, பின்னல் போட்ட சிறுமியாக நான் என்று எல்லோருமாகப் பஸ் பிடித்து "போட்டோ புடிக்க" வந்திருந்தோம்.

ஏரியும் அன்னமும் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், நாலு காலில் ஒரு டீவி நின்றது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் அப்போது கரண்டே கிடையாது. டீவியை நாங்கள் கண்டதெல்லாம் தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா வீட்டு ஜன்னல் வழியாகத்தான். "டீவி பக்கத்துல நிக்கட்டும், லெச்சணமா இருக்கும்" என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதும் அம்மா அக்காவின் கையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். எனக்கு எதையும் பின்பக்கம் போய்ப் பார்க்காவிட்டால் மனம் ஆறாது. போய்ப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பலகைப் பெட்டி. முன்பக்கத்தில் குமிழ் ஒன்று கழன்று போன இடத்தில், பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

படம் கைக்கு வந்ததும் லயத்தில் சந்தேகம் புறப்பட்டது. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாரியாயி சித்தி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏங்க்கா, இம்புட்டு நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள். அது ஸ்டூடியோ பெட்டி என்று அம்மா தலையிலடித்துச் சொல்லியும் நம்பவில்லை. அடுப்புக்கு நெருப்பு கேட்டு வருவாள், கட்டிலுக்கு அடியில் குனிவாள். உப்பு கேட்டு வருவாள், விறகுக் குவியலைக் காலால் தள்ளிப் பார்ப்பாள். "கரண்டு இல்லாம டீவி எப்படிடி ஓடும்?" என்று அம்மா கேட்டதற்கு, "அதானே, பெட்டரிய எங்க வச்சிருக்கீங்கன்னுதான் தேடுறேன்" என்று பதில் வந்தது.

படம் பூனாகலையில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. கொண்டுபோன பெரியப்பா திரும்பி வந்து, "மாப்பிள்ள வீட்டுல ஏக சந்தோசம். டீவி வச்சிருக்க குடும்பமாமேன்னு கேட்டாங்க" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் அப்பா.

"எங்க சொல்றது? வாயில வெத்தல இருந்துச்சே."

"சரி, இனிமே கேட்டா சொல்லுவோம். கேக்காததுக்கு நாமளா போயி எதுக்கு வாயக் குடுக்கணும்?" என்று அப்பா பேச்சை முடிக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. "போன எடத்துல என்னயத்தானே கேப்பாங்க, ஒங்க வீட்டு டீவி எங்கடின்னு. சாகுற வரைக்கும் அந்தச் சொல்லுலயே நான் கெடக்கணுமா?" என்றாள். அதற்குப் பிறகு கொழுந்துக்கூடையைச் சுமந்து போகும்போதும் வரும்போதும் அவள் முகம் தெளியவே இல்லை.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் படம் வந்தது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பின்னால் பூப்போட்ட வேறு திரை, பக்கத்தில் ஒரு டீவி! "அடியே, அவங்க வீட்டுலயும் இருக்குடி!" என்று அம்மா பூரித்தாள். அக்கா அந்தப் படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இங்க வா, இது என்னான்னு சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டாள். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் அதே பொத்தான்.

அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "நம்மள ஏமாத்தப் பாக்குறாங்க பாத்தியா! டீவி இல்லாதவனுக்கு எதுக்குடி இந்தப் பவுசு?" என்று கத்தினாள். அப்பா இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். அக்கா மட்டும், "அந்த ஆளு ஆசப்பட்டுப் போயி நின்னுச்சா, என்னய மாதிரி நிக்க வச்சாங்களா? அதத் தெரியாம நான் தலையாட்ட மாட்டேன்" என்றாள்.

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் காம்பராவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மூலை மூலையாகக் கண்ணை ஓட்டினார். அந்தக் கண் போகும் இடமெல்லாம் எங்கள் அம்மாவின் கண்ணும் போனது. கடைசியில் அவர் உள்திரையைப் பார்த்து, "பொட்டிய உள்ள வச்சிருக்கீங்களோ?" என்று கேட்டே விட்டார். பெரியப்பா அவசரமாக வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்காதான் பதில் சொன்னாள். "அது பதுளையில இருக்குங்க அத்தை. ஒங்க வீட்டுப் பொட்டி இருக்குற அதே எடத்துலதான்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாரியாயி சித்தி "அப்பாடா!" என்றது எல்லோருக்கும் கேட்டது.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "பொத்தான் வச்ச பொட்டிதானே? எங்கம்மா புடிச்சு நிக்க வச்சது. இவங்க படத்தப் பாத்தப்பவே கண்டுபுடிச்சிட்டேன்."

"கண்டுபுடிச்சவன் எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்களேம்மா."

அக்கா முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தத் தையிலேயே கல்யாணம்.

பூனாகலை லயத்துக்குக் கரண்டு வந்ததும் மச்சான் பண்டாரவளையில் ஒரு பழைய டீவி வாங்கினார். பெரிய பின்பக்கம் வைத்த அந்தப் பெட்டியின் முன்னால் லயமே உட்கார்ந்திருக்கும். நல்லாயிருந்த குமிழ் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பொத்தானை ஒட்டினார் அவர். அக்கா அதைத் தினமும் துடைப்பாள்.

மச்சான் இப்போது இல்லை. பதுளையில் ஸ்டூடியோ இருந்த மாடியில் போன் கடை நடக்கிறது. அக்கா வீட்டில் புது டீவி தட்டையாக, பழைய டீவியின் தலைமேல் நிற்கிறது. படம் தெரியாத பழையதைக் கேட்டு வரும் பழைய சாமான்காரர்களை அவள் வாசலோடு அனுப்பிவிடுகிறாள்.

போன மாதம் நான் போயிருந்தபோது, பேத்திக்கு வந்த மாப்பிள்ளைப் படம் அவள் போனில் இருந்தது. பையன் காரில் சாய்ந்து நிற்கிறான். அக்கா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். பையனின் முகத்தை அல்ல, காரை. "ஒன்னுமே தெரியலயேடி. இதுல எதப் பாத்துக் கண்டுபுடிக்கிறது?" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எனக்கோ அவள் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய பழைய படத்தில் கண். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அக்காவின் முந்தானை டீவியின் மூலையில் விழுந்து, பொத்தான் இருக்கும் இடத்தை முழுக்க மறைத்திருக்கிறது. அப்படியானால் மச்சான் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்? அக்கா தட்டோடு நின்று சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்ததோ? இத்தனை வருசச் சந்தேகத்தை அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

அக்கா திரும்பி அந்தப் படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"எனக்கும் தெரியும்."

"மச்சான்கிட்ட நீ கேக்கவே இல்லையா?"

பழைய டீவியின் பொத்தானை முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். "கேட்டா நெசத்தச் சொல்லிருவாரேடி" என்றாள்.