அடுத்த வருடத்தில் ஓடிய கம்ப்யூட்டர்

போன வாரம் சிவகாசியிலிருந்து சுகன்யா போன் செய்தாள். நான் முன்பு வேலை பார்த்த காலண்டர் அச்சகத்து முதலாளியின் மகள். இப்போது அச்சகத்தை நடத்துவது அவள்தான்.

“அண்ணே, முருகேஸ்வரி அக்கா கம்ப்யூட்டரு அப்டேட் ஆக மாட்டேங்குது. லினக்ஸ் ரொம்பப் பழசாம், அதுக்கு சப்போர்ட்டு முடிஞ்சு போச்சாம். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போட்டாகணும். ஆனா அக்கா செஞ்சு வச்ச பைலு ஒண்ணுகூடப் போயிறக் கூடாதுண்ணே.”

ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக்கிப் பூஜை போட்டு வெளியிடுவது இங்கே வழக்கம். நாள் அதிகமில்லை. இப்போது கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சூலக்கரை ஆபீசில் லீவு சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

அச்சகத்துக்குள் நுழைந்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த அதே வாசனை. கம்ப்யூட்டரின் நெற்றியில் போன ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தது. லினக்ஸின் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் சர்வரைக் காட்டி அப்டேட் கொடுத்தேன். அந்தச் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்றது. வேறு சர்வர் காட்டினேன். அதுவும் காலாவதி. உலகத்தில் உள்ள எல்லாச் சான்றிதழும் ஒரே நாளில் எப்படிக் காலாவதியாகும்? அரை நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். அடுத்த வருடம். சிரித்துவிட்டேன். அது நான் செய்த வேலை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தினசரிக் காலண்டர் தாள்களை வரிசைப்படுத்த ஒரு புரோகிராம் எழுதினேன். வருடத்தை அது கம்ப்யூட்டரின் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. நாங்கள் அச்சடிப்பதோ அடுத்த வருடத்தை. மேதாவியான எனக்கு அது தோன்றவில்லை. திருத்த உட்கார்ந்தேன். தாள்களைக் கம்ப்யூட்டரில் பக்கமாகக் கட்டிப் பிழை பார்க்கும் முருகேஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஏலே, எதுக்கு அம்புட்டையும் திருத்திக்கிட்டு இருக்க? கடிகாரத்த ஒரு வருசம் தள்ளி வையி. நமக்கு எப்பவும் அடுத்த வருசம்தானலே.”

வைத்தேன். அதோடு அக்காவும் அடுத்த வருடத்துக்கே குடிபோய்விட்டார். வரப்போகும் பொங்கல் என்ன கிழமை என்று கேட்டால் சட்டென்று சொல்வார், இன்றைக்கு என்ன கிழமை என்றால் முழிப்பார். ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்தால் கறிக்குழம்பு. வெள்ளிக்கிழமை. அவர் பார்த்த தாளில் அந்தத் தேதி சனிக்கிழமை. சிரித்துக்கொண்டே எங்களுக்குப் பங்கு வைத்தார். பாவத்திலும் பங்கு என்று சொல்லிக்கொண்டு நாங்களும் தின்றோம்.

ஒரு புரட்டாசியில் மூன்று நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டார். அவர் கடைசியாகத் தொட்ட கோப்பில், சேமித்த நாளாக அடுத்த வருடப் புரட்டாசித் தேதி இருந்தது. அந்த நாள் நிஜமாகவே வந்தபோது கோப்புப் பட்டியலைப் பார்த்தேன். அக்கா இன்றுதான் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனதாக இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை செத்த பிறகும் அவர் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறார். அச்சகத்தை விட்டு வரும்வரை அந்தத் தேதியை அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கடிகாரத்தை இந்த வருடத்துக்குக் கொண்டுவந்ததும் எல்லாச் சர்வர்களும் கதவைத் திறந்தன. ஒரே தாவாகத் தாவ முடியாது, பதிப்பு பதிப்பாகத்தான் ஏற வேண்டும். டிஸ்கில் இடம் போதவில்லை. அக்காவின் கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகலெடுத்து, இங்கே அழித்துவிட்டு ஏறினேன். ஒவ்வொரு பதிப்பிலும் திரையின் நிறம் மாறுவதைச் சுகன்யா வேடிக்கை பார்த்தாள். மறுநாள் மாலை கோப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

“எல்லாம் இருக்குண்ணே.”

நான் அந்தக் கடைசிக் கோப்பைத் தேடினேன். அக்காவின் புரட்டாசித் தேதி இல்லை. அன்றைய தேதி. அதற்கு மேலே உள்ளது, கீழே உள்ளது, எல்லாவற்றிலும் நான் திரும்ப நகலெடுத்த அன்றைய தேதி. பழைய தேதியோடு சேர்த்து நகலெடு என்று கட்டளையில் சொல்ல மறந்திருக்கிறேன். இத்தனை வருடம் இதையே பிழைப்பாகச் செய்பவன். வெளி டிஸ்கையும் திறந்து பார்த்தேன், அதில் நகலெடுத்த முந்தின நாள் தேதி.

“என்னண்ணே, எதுவும் போயிருச்சா?”

“இல்லம்மா. எல்லாம் இருக்கு.”

புதிய லினக்ஸ் கடிகாரத்தை நெட்டிலிருந்து தானே சரிசெய்துகொள்கிறது. என் பழைய புரோகிராமில் வருடத்தோடு ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டேன். அந்த அறையிலும் இப்போது இந்த வருடம்தான் நடக்கிறது. அக்கா கூடுதலாக வேலை பார்த்த அந்த ஒரு வருடம் மட்டும் எங்கேயும் இல்லை.