நெல் அவிக்கும் அண்டா

மேடையில் எவரிடமும் தோற்றிராத நான், புதுவயல் என்ற ஊரில் மகிழ்ச்சியாகத் தோற்றேன்.

கண்மாய் உடைந்து வீடிழந்தோர் அரிசி ஆலையில் தங்கியிருந்தனர். பேதி பரவத் தொடங்கியது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அரைமணி நேரம் முழங்கிவிட்டு, கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

நெல் அவிக்கும் ஆலைப் பெண்ணொருத்தி எழுந்தாள். "நல்லாத்தான் பேசுறீக தம்பி. வெறகெல்லாம் வெள்ளத்தோட போயிருச்சே, ஒங்க பேச்சுச் சூட்டுலயா காய்ச்சுறது?"

எல்லோரும் சிரித்தனர்.

"நெல்லு அவிக்கிற அண்டா சும்மா கெடக்கு. கொட்டகைக்குள்ள உமி நனையாம இருக்கு. இங்குட்டு வாங்க, அள்ளிப் போடுவோம்."

மாலைவரை அடுப்பில் உமி தள்ளினேன், முகமெல்லாம் கரி. குடங்களோடு வரிசை நீண்டது. ஆறிய நீரின் முதல் குவளையை அவள் என்னிடமே நீட்டினாள்.

"ரொம்பப் பேசிட்டீக, குடிங்க."

சில நாட்களில் பேதி அடங்கியது. இன்றும் மேடையேறுமுன், கேட்போர் வீட்டில் விறகு இருக்கிறதா என விசாரிக்கிறேன்.