மற்றவர்: ஒருவர்

ஊருக்குள் நுழைகிற இடத்தில், பஸ் நிற்கும் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு இருக்கிறது. வேறு ஊர்களில் 'நல்வரவு' என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். இந்த ஊர் அப்படிச் சும்மா இருக்கிற ஊரா என்ன? மக்கள்தொகைக் கணக்கு முடிந்த கையோடு, எந்த இனத்து ஜனம் எத்தனை பேர் என்று பெயின்டில் எழுதி வைத்துவிடுவார்கள். மேட்டுக்காரர்கள் இருநூற்றுப் பதினொன்று. கரைக்காரர்கள் நூற்று நாற்பத்தாறு. என்றைக்கோ கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகளான கப்பல்காரர்கள் முப்பத்தெட்டு. அதற்கும் கீழே, இடம் போதாமல் பெயின்டர் நெருக்கி எழுதியது: மற்றவர், 1.

அந்த ஒன்று யாரென்று வெளியூர்க்காரனுக்குத்தான் தெரியாது. ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ரொட்டிக்காரம்மா. எங்கோ தொலைதூர நாட்டில் டிராக்டர் கம்பெனியில் வேலைக்குப் போன கரைக்கார மெக்கானிக் ஒருவன், திரும்பி வரும்போது கூடவே கூட்டிக்கொண்டு வந்த பெண். வந்த புதிதில் அவளுடைய மூக்கைப் பார்க்கவே ஆட்கள் ஒரு ரொட்டி வாங்கினார்களாம். அப்புறம் ரொட்டிக்காகவே வந்தார்கள். அவள் கைப்பக்குவம் அப்படி. ஊர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'தனிக்கட்சி'.

அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். புருஷன் இருந்தவரைக்கும் அது ஒரு பெருமையாகவே இருந்தது. "உங்க ஜாதிசனம் எல்லாம் கிலோ கணக்குல கெடைக்கும், என் வீட்டுல இருக்கறது ஒண்ணே ஒண்ணு" என்று அந்த மனுஷன் கிரீஸ் கையோடு நின்று சொல்லும்போது, ரொட்டி கருகுவது தெரியாமல் அவள் நின்றிருக்கிறாள். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கேலி அதே கேலிதான். பக்கத்தில் நின்று பதில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் கொஞ்சநஞ்சமா?

மகள் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு தெரு தள்ளித் தையல்கடை. அப்பாவை உரித்து வைத்த முகம், நிறம், நடை எல்லாம். அதனால் பிறந்த நாளிலிருந்தே அவள் கரைக்காரி; யாரும் கேட்டதும் இல்லை, அவளும் மறுத்ததும் இல்லை. சின்ன வயசில் சந்தையில் அம்மா தன் பாஷையில் கூப்பிட்டபோது, கூட நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. "அது எங்கம்மா இல்ல, எங்க வீட்டுல வேலை செய்யறவங்க" என்று அந்தப் பொடிசு சொன்னது அம்மாவின் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுடைய சொந்த பாஷையைக் கேட்டது பிசைகிற மாவு மட்டும்தான். மகள் வளர்ந்தாள், கல்யாணம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை வந்து ரொட்டி வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

இந்த வருஷம் மறுபடியும் கணக்கு வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர்க் கமிட்டிக்கு ஆள் எடுத்தார்கள். இனத்துக்கு இரண்டு பேர் என்று தலைவர் அறிவித்ததும், பின்பெஞ்சிலிருந்து ரொட்டிக்காரம்மா எழுந்து, என் பங்குக்கு யார் பேசுவார்கள் என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். அவள் தெருக் குழாயில் ஒரு மாதமாகக் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. "உனக்கென்னம்மா, தலைவரும் நீயே, தொண்டரும் நீயே" என்று தலைவர் சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மாவுப் பலகையில் கவிழ்ந்து அழுதாள். தனிமரம் தோப்பாகாது என்று ஊரில் அடிக்கடி சொல்லுவார்கள். வயசான காலத்தில் அது உறைத்தது. செத்தாலும் அந்தப் போர்டின் கடைசி வரியில்தான் சாகவேண்டுமா என்று நினைத்து நினைத்து மறுகினாள்.

கணக்கெடுக்க வருவது ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். உள்ளூர்க்காரன், எல்லார் வரலாறும் அத்துபடி. போன தடவைவரை அவன் யாரையும் கேட்டதே கிடையாது. வேனில் உட்கார்ந்தபடியே வீடு வீடாக நினைத்துப் பார்த்துத் தானே எழுதிக் கொடுத்துவிடுவான். 'தெரிஞ்ச மூஞ்சிகிட்ட நீ என்ன இனம்னு கேட்டா செருப்பால அடிக்க மாட்டாங்களா?' என்பது அவன் கட்சி. ஊரும் அதைத்தான் மரியாதை என்று நினைத்திருந்தது. இந்தத் தடவை மேலிடத்தில் காதைத் திருகிவிட்டார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்கவேண்டும், சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் மூச்சுவிடக் கூடாது.

அவன் கடைக்கு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டான். ரொட்டிக்காரம்மா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"கரைக்காரின்னு எழுதுப்பா."

பேனா நின்றது. கேட்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. நிஜமாகவா அக்கா என்று கேட்டுவிட்டான்.

"எழுதுன்னா எழுது தம்பி. அவர் சனத்தோட போய் நின்னுக்கறேன்."

இதில் பொய் என்ன இருக்கிறது, நாற்பது வருஷம் இந்த ஆற்றுத் தண்ணீரைத்தானே குடித்தேன் என்று அன்று முழுக்கத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை. பெற்ற தாயின் போட்டோவைத் தன் கையாலேயே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த மாதிரி இருந்தது. மாவு பிசையும்போது அதனிடம் பேசக்கூட வாய் வரவில்லை. ஆனாலும் போர்டில் அந்தக் கடைசி வரி இல்லாமல் போகும் நாளை அவள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சில மாதம் கழித்துப் பெயின்டர் ஏணியோடு வந்தான். ரொட்டிக்காரம்மா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய் நின்றாள். மேட்டுக்காரர்கள் ஆறு பேர் குறைந்திருந்தார்கள். கப்பல்காரர்களில் இரண்டு குழந்தை கூடியிருந்தது. கரைக்காரர்கள் அப்படியே நூற்று நாற்பத்தாறு. பெயின்டர் குனிந்து, கீழே நெருக்கி எழுதினான். மற்றவர், 1.

அவளுக்கு வந்ததே கோபம்! வேனை வழிமறித்து, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க டிரைவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். வாய் திறந்து சொல்லியும் உன் இஷ்டத்துக்குத்தான் எழுதுவாயா, என் மூஞ்சியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று விளாசித் தள்ளினாள். அவன் வேனைவிட்டு இறங்கி, அவளை ஓரமாக அழைத்துப் போனான்.

"அக்கா, நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். அந்த ஒண்ணு நீங்க இல்ல. இதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

நான் இல்லையென்றால் வேறு யார்? புதிதாக ஒரு நாய்க்குட்டி வந்தாலே பேர் வைக்கிற ஊர் இது. வேற்று நாட்டு ஆள் ஒருத்தர் வந்து குடியேறி, அது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கரைக்காரர்களில் அவள் புருஷனையும் சேர்த்துச் செத்தவர்களும் புதிதாகப் பிறந்தவர்களும் சரிக்குச் சரி; அதன்மேல் அவள் ஒருத்தி கூடினாள், ஆனால் எண் கூடவில்லையே. அப்படியானால் அங்கிருந்து ஒருத்தர் கழன்று கீழே வந்திருக்கிறார். கரைக்காரர்களில் அந்த வரிக்கு வர உரிமையுள்ள ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். ரொட்டிக்காரம்மா ஓட்டமும் நடையுமாக இரண்டு தெரு தாண்டிப் போனாள்.

தையல்கடையில் மகள் ஸ்கூல் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்து மெஷினை நிறுத்தினாள். என்னடி செய்தாய் என்றுதான் அம்மாவால் கேட்க முடிந்தது. மகள் நூலை அறுத்தாள், ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள், அப்புறம் கோபமாகத்தான் பேசினாள்.

"அந்தத் தம்பி வந்து என்னைக் கேட்டப்பதான், இதுவரைக்கும் யாருமே என்னைக் கேட்டதில்லன்னு தெரிஞ்சுது. அப்பாவும் போயிட்டாரு. அந்த போர்டுல நீ ஒத்தையா நிக்கறதை நான் தெனமும் பாத்துட்டுத்தான் போறேன். இந்தத் தடவையாவது அது ரெண்டாகட்டும்னு, உன் பக்கத்துல வந்து நிக்கலாம்னு வந்தேன். போர்டுல இப்பவும் ஒண்ணுதானாம். நீ எங்கம்மா போன?"

ரொட்டிக்காரம்மா வெட்டுத்துணிக் குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாவு காய்ந்திருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தையில் சொன்னதை நீ கேட்டாய்தானே என்றாள். ஆமாம் என்று அம்மா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. நூற்று நாற்பத்தாறு பேர் கும்பலில் தன்னைக் கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டு, பெற்ற பெண்ணை வெட்டவெளியில் நிறுத்தியிருக்கிறாளே!

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்துபோய் வேன் டிரைவரைக் கேட்டார்கள், அம்மா சொன்னதை மட்டும் இப்போது திருத்த முடியாதா என்று. அனுப்பியது அனுப்பியதுதான், இனி அடுத்த கணக்கில்தான் என்று அவன் கையை விரித்தான். அது எப்போது வரும் என்று மகள் கேட்டாள். பத்து வருஷம் என்றான்.

அம்மாவுக்கு இப்போதே அறுபத்தாறு. சர்க்கரை இருக்கிறது, முட்டி தேய்ந்துவிட்டது. புருஷன் போன நாளிலிருந்து, இனி இருந்து என்ன சாதிக்கப்போகிறேன் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். டிரைவரின் பக்கம் திரும்பினாள்.

"சரி தம்பி. அதுவரைக்கும் நான் இருக்கேன். நீ மறக்காம வந்து கேளு."