மாலை போட்டிருந்த தனபால்

காலையில் போன் வந்தது. தனபாலின் மனைவி கமலா. "அண்ணா, அவரு போயிட்டாரு" என்றார். என் வாயில் முதலில் வந்தது, "மாலை போட்டிருந்தாரே?" என்பதுதான். மாலை போட்டவருக்குச் சாவு வராது என்று எனக்கு யார் சொன்னார்களோ! அப்போது கார்த்திகை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக்கு அவரோடு கம்பெனி பஸ்ஸில் போய்வந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தனபால் கிரேன் ஓட்டியவர். தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். கடைசி சீட்டில் உட்கார்ந்தபடி பஸ்ஸையே சிரிக்க வைப்பார். ஷிப்ட் முடிந்தால் குடிப்பார். அதைப் பற்றிக் கேட்டால் கோபம் வந்துவிடும். "என்னைக் குடிகாரன்னு சொல்லாதீங்க. குடிகாரன் நிறுத்துவானா? வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டா, ஒரு மண்டலம் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கிறேனா? சொல்லுங்க!" என்பார். "ஹவ், ஹவ்" என்று நாமும் ஆமோதிப்போம்.

விரத நாட்களில் அவரை "சாமி" என்றுதான் கூப்பிடுவோம். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அவருக்கு ஒரு பாட்டில் தயாராக இருக்கும். அதை நம்மில் ஒருவர்தான் வாங்கி வைப்பார். விரதத்தை முடித்து வைப்பது புண்ணியம் பாருங்கள்.

ஓய்வு பெற்று உப்பலுக்கு வீடு மாறிய பிறகு, காலைக் காபிக்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். முதல் கிளாஸ் உள்ளே போகும்வரை விரல்கள் நடுங்கும். சட்டைப் பொத்தானைக் கமலாதான் போட்டுவிட வேண்டும். கல்லீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் எச்சரித்தபோதும், "மாலை போட்டா சரியாயிடும்" என்றார். கமலாவும் கார்த்திகைக்காகக் காத்திருந்தார்.

இந்த முறை மாலை போட்ட மறுநாளே உடம்பெல்லாம் வியர்வை, நடுக்கம். தூக்கமே இல்லை. பிறகு சுவரைப் பார்த்து, "ஏய், கொக்கிய இறக்காதே, கீழே ஆள் நிக்குது!" என்று கத்தத் தொடங்கினார். குருசாமி வந்து விபூதி பூசி, "அருள் வந்திருக்கு, யாரும் பயப்படாதீங்க" என்றார். கமலா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதைக் கமலா என்னிடம் சொல்லி அழுதார். பல வருடம் தினமும் குடித்த உடம்பு. திடீரென்று நிறுத்தினால் இப்படியெல்லாம் ஆகும், உயிரே போகலாம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் டாக்டர் பார்வையில், மருந்தோடு நிறுத்த வேண்டும். "சாமின்னு நினைச்சுக் கும்பிட்டேனே அண்ணா" என்றார். எனக்கு ஐயப்பன்மேல் கோபமில்லை. "அவர் நினைத்தால் நிறுத்திவிடுவார்" என்று தட்டிக்கொடுத்த நம் எல்லோர்மேலும் ஆத்திரமாக வருகிறது.

கருமாதியன்று தனபாலின் தம்பி முரளி எழுந்து நின்றார். அவருக்கும் அதே பழக்கம். "அண்ணன்மேல சத்தியம். இந்த நிமிஷத்திலேருந்து தொடமாட்டேன்" என்றார். வந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். முரளியின் கையிலிருந்த டம்ளரில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

கமலா எழுந்தார். "நக்கோ தம்பி, சத்தியமெல்லாம் வேணாம். செருப்பப் போடு, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். துக்க வீட்டுப் பெண் வாசல் தாண்டக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

முரளி இப்போது வார்டில் இருக்கிறார். மருந்து ஏறுகிறது. நேற்று இரண்டு வாய் இட்லி சாப்பிட்டார். தனபால் எனக்கென்று விட்டுப்போனது இந்தத் தம்பியைத்தான். இவரை நான் விடுவதாக இல்லை.